சம்பந்தியின் கன்னம்

என் சம்பந்தி சீனிவாசலுவின் கன்னத்தில் ஓர் ஈ நிலையாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார வரும், வழுக்கும், வெட்கப்பட்டுப் பறந்துவிடும். கூட்டிச் சொல்கிறேன் என்று என் மனைவி புவனா சொல்வாள். அவளேதான் ஒருநாள் எனக்கு இட்லி வைத்துக்கொண்டே, "அந்த அண்ணனுக்கு அறுபத்தொம்பது வயசுன்னா ஆருங்க நம்புவா? மொகத்தப் பாருங்க, உரிச்ச நுங்காட்டம்" என்று சொன்னவள். அன்றைக்கு நான் தின்ற இட்லி நெஞ்சிலேயே நின்றுவிட்டது. இன்னும் முழுதாக இறங்கவில்லை.

எனக்கு அறுபத்தேழு. பேர் ராசப்பன். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் தரச்சோதனை பார்த்து ஓய்வு பெற்றவன். ஷாஃப்டில் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் சிவப்புப் பெயிண்டால் குறுக்குக்கோடு போட்டுத் திருப்பி அனுப்புவேன். அப்பேர்ப்பட்டவனால் தன் கன்னத்தை மட்டும் ஒருநாளும் பாஸ் பண்ண முடிந்ததில்லை. காலையில் சிரைத்தால் காப்பி ஆறுவதற்குள் முளைத்துவிடும். என் தாடையில் உரசி இதுவரை மூன்று சட்டைக் காலர், இரண்டு தலையணை, ஒரு மோட்டார் பெல்ட் கிழிந்திருக்கின்றன.

ஜன்னல் கம்பியில் தொங்கும் சின்னக் கண்ணாடி, எவர்சில்வர் கிண்ணம், பிரஷ், கல்யாணத்தன்று வாங்கிய ரேசர், கடைசியில் எரியும் படிகாரக் கல். இதுதான் என் சடங்கு. எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக வேண்டுதல் வைக்க வேண்டும். முடித்து வெளியே வரும்போது வெட்டுக் காயங்களின்மேல் நாலைந்து செய்தித்தாள் கிழிசல் ஒட்டியிருக்கும். "இன்னைக்கு என்னுங்க தலைப்புச் செய்தி?" என்று புவனா என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் படிப்பாள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் எனக்குக் கர்வம் உண்டு. மீசை. நாற்பத்து நான்கு வருஷ மீசை. கம்பெனி கேட்டில் என் மீசை நுழைந்து ஐந்து நிமிஷம் கழித்துத்தான் நான் நுழைவேன். சீனிவாசலுவுக்கு மீசையும் கிடையாது. அதில்தான் அவரை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் பேத்தி ஹாரிகா பேசக் கற்றுக்கொள்கிற வரைக்கும்.

என் ஒரே மகள் பிரவீனா, சீனிவாசலுவின் மகன் வம்சியைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். நாங்கள் கவுண்டர் வீடு, அவர்கள் நாயுடு வீடு. ஆறு மாதம் இரண்டு வீடும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. ஹாரிகா பிறந்தாள், முறைப்பு போய்விட்டது, யார் அதிகமாகக் கொஞ்சுவது என்கிற போட்டி வந்துவிட்டது. குழந்தைக்கு அவர் தாத்தா, நான் அப்பிச்சி. அம்மாவைப் பெற்றவனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தாத்தாவும் பேத்தியும் வடவள்ளியில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அவருக்குக் குழந்தை தினமும் மூன்று வேளை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை ரேஷன்.

அந்த ரேஷனிலும் கல். "பாப்பா, அப்பிச்சிக்கு ஒரு முத்தம் குடு சாமி" என்பேன். மூன்று வயசுக் குழந்தை என் முகத்தைத் தூரத்திலேயே நின்று அளந்து பார்க்கும். "மாட்டேன். அப்பிச்சி முள்ளு." சொல்லிவிட்டு நேராக ஓடிப்போய்ச் சீனிவாசலுவின் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்க்கும். "தாத்தா வெண்ணெ!" அவர் கண்ணை மூடிக்கொண்டு அனுபவிப்பார். நான் என் தாடையைத் தடவிக்கொண்டு நிற்பேன்.

போகட்டும், முத்தம்தானே என்று விட்டிருப்பேன். ஆனால் காதுகுத்து வந்தது.

மூன்றாம் வயசில் மருதமலையில் மொட்டையடித்துக் காது குத்துவது என்று முடிவாயிற்று. இரண்டுமே தாய்மாமன் மடியில் வைத்துச் செய்ய வேண்டியவை. பிரவீனாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. என் அண்ணன் மகன் நிதீஷ்தான் மாமன் முறை. அவன் ஜெர்மனியிலிருந்து, லீவு கிடைக்கவில்லை என்று வீடியோவில் மூக்கைச் சிந்தினான். நான் வெளியே வருத்தப்பட்டுக்கொண்டு உள்ளே தேங்காய் உடைத்தேன். மாமன் இல்லையென்றால் தாய்வீட்டு மடி யாருடையது? அப்பிச்சி மடிதான். அந்த ஒரு மணி நேரம் குழந்தை என் மடியில். போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோ காலத்துக்கும் இருக்கும். அதில் சீனிவாசலு எங்கேயாவது ஓரமாக, பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்பார்.

அவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "தாராளமா உங்க மடிதானுங்க சம்பந்தி. ஆனா ஒண்ணு. கொழந்தை ஆரு மடில அழுவாம உக்காருதோ, அங்கயே பண்ணிப்போடலாம்ங்க. நமக்குள்ள என்னுங்க இருக்குது?"

இதைவிட மரியாதையாக ஒருத்தன் கழுத்தில் கத்தி வைக்க முடியாது.

காலையில் நேரத்திலேயே மலைக்குப் போக வேண்டும் என்பதால் முதல்நாளே நானும் புவனாவும் பட்டுப்பாவாடை, தோடு, சீர்த்தட்டுகளோடு வடவள்ளிக்குப் போய்விட்டோம். சாயங்காலம் கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். "பாப்பா ஒருவாட்டி உக்காந்து பழகட்டும்ப்பா" என்று பிரவீனா குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நான் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, சிம்மாசனத்தில் ராஜா உட்கார்ந்திருக்கிற தோரணையில் இருந்தேன். குழந்தையும் இருந்தது. பத்து விநாடி. சும்மா இருந்திருக்கலாம். பாசம் தாங்காமல் குனிந்து, "கண்ணு" என்று அவள் காதில் சொன்னேன். என் தாடை அவள் கழுத்தில் பட்டது.

"முள்ளு! முள்ளு!"

அந்தச் சத்தம் மருதமலை முருகனுக்கே கேட்டிருக்கும். துள்ளி இறங்கி ஓடிப்போய்ச் சீனிவாசலு மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கூடமே சிரித்தது. சீனிவாசலுவின் பெரியப்பா மகன் அழகிரிசாமி, எழுபத்தைந்து வயசு, அந்த வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அவர் வாக்குதான் வாக்கு. அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அம்முணியே தீர்ப்புச் சொல்லிப்போட்டாளுங்க. சீனு மடிதான்" என்றார்.

நான் என் மகளைப் பார்த்தேன். என் பக்கம் பேசுவாள் என்று.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கும் இப்படி அழுதாள்னா தாத்தா மடியே இருக்கட்டும். கத்தி தலைகிட்ட இருக்கறப்ப ஆடிப்போட்டாள்னா என்ன பண்றது?"

நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் இன்னும் எரிந்தது.

சாப்பாடு முடிந்ததும் மொட்டைமாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்த சீனிவாசலுவின் பக்கத்தில் போய் நின்றேன். மலையைப் பார்ப்பதுபோல அவர் கன்னத்தைப் பார்த்தேன். கேட்கவே கூடாது என்று மூன்று வருஷம் வைராக்கியமாக இருந்த கேள்வியைக் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க சம்பந்தி, நீங்க எந்தக் கடைலீங்க சவரம் பண்றது?"

"கடையா? நான் கடைக்குப் போயி இருவது வருசமாச்சுங்களே. ஷவருக்கடியில நின்னு நானே பண்ணிக்கறதுதானுங்க."

"ஷவருக்கடியிலயா? கண்ணாடி?"

"கண்ணாடி எதுக்குங்க? நம்ம மொகரைல எங்க மேடு, எங்க பள்ளம்னு நம்ம கைக்குத் தெரியாதுங்களா? சுடுதண்ணி அஞ்சு நிமிசம் மூஞ்சில உழுவோணும். முடி பஞ்சாட்டம் ஆயிரும். கண்ண மூடிக்கிட்டு, எடதுகையில தடவிக்கிட்டே வலதுகையில இழுத்தாப் போதும்." அப்புறம் பெருந்தன்மை வேறு. "காலைல நீங்களும் பண்ணிப் பாருங்க சம்பந்தி. அலமாரில புது ரேசர் ஒண்ணு இருக்குது. அஞ்சு பிளேடு."

அஞ்சு பிளேடு! இத்தனை நாள் நான் ஒற்றைப் பிளேடை வைத்துக்கொண்டு அஞ்சு பிளேடோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இது போட்டியா, அநியாயமா? இதற்கே எனக்குப் பாதித் தூக்கம் போயிற்று.

காலை ஐந்தரைக்கு அவர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டேன். பாத்ரூமா அது? எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பாதி இருக்கும். ஷவர் என்பது கூரையில் பதித்த தாம்பாளம். இருந்த ஒரே ஒரு பிடியை ஒருபக்கம் திருப்பினேன். கோவைக் குற்றாலம் முழுசும் பனிக்கட்டியாக என் உச்சந்தலையில் இறங்கியது. மறுபக்கம் திருப்பினேன். கொதிக்கிற ரசம். நடுவில் ஒரு நூலிழை இடத்தில் சொர்க்கம் இருந்தது. அங்கே நிறுத்திக்கொண்டு, முகத்தை அண்ணாந்து, ஐந்து நிமிஷம் நின்றேன். சம்பந்தி ஐந்து என்றால் நான் பத்து.

சோப்பு போட்டேன். நல்ல தண்ணீரில் நுரை என்ன மாதிரி வருகிறது! தாடை, மூக்கு, காது எல்லாம் நுரைக்குள் போய்விட்டன. கண்ணை மூடிக்கொண்டு, புது ரேசரை வலது கன்னத்தில் வைத்து இழுத்தேன். சத்தமே இல்லை. தடவிப் பார்த்தேன். அது என் கன்னமே இல்லை. வேறு யாரோ ஒரு பணக்காரனின் கன்னம். எரிச்சல் இல்லை, ரத்தம் இல்லை. ஹாரிகா இதில் தன் கன்னத்தை வைத்துத் தேய்ப்பதை நினைத்துப் பார்த்தேன். கண்ணை மூடியபடியே சிரித்தேன். வாய்க்குள் நுரை போயிற்று.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். பொறாமைக்காரனுக்கு அளவு தெரியாது. சம்பந்தி கன்னத்தில் ஈ வழுக்கினால் என் கன்னத்தில் எறும்பும் வழுக்க வேண்டும் என்று இரண்டாம் கை இழுத்தேன், மூன்றாம் கை இழுத்தேன். தாடை, கழுத்து, மூக்குக்குக் கீழ் ஓரம். இடதுகை தடவியது, வலதுகை இழுத்தது. நனைந்து படிந்து நுரைக்குள் கிடந்த மீசைக்கும் உதட்டுக்கும் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை. அஞ்சு பிளேடும் ஒற்றுமையாக வேலை செய்தன.

கண்ணைத் திறந்து கீழே பார்த்தேன். நுரையோடு நுரையாக ஒரு கம்பளிப்பூச்சி சாக்கடை ஓட்டையை நோக்கி நீந்திக்கொண்டிருந்தது. 'அட, சம்பந்தி வீட்டு பாத்ரூமில் கம்பளிப்பூச்சி!' என்று ஒரு விநாடி சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம்தான் கை உதட்டுக்குப் போயிற்று.

ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். இடதுபக்க மீசை இல்லை. வலதுபக்கம் மட்டும், எதிர்வீடு இடிந்துபோன தெருவில் தனியாக நிற்கிற வீடு மாதிரி நின்றது. அதைக் கொஞ்சம் குறைத்துச் சமன்செய்யலாம் என்று பார்த்தேன். எதோடு சமன்செய்வது? அதையும் எடுத்தேன். வேறு வழியே இல்லை.

இதில் என்ன இருக்கிறது, மீசைதானே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் பக்கத்தில் மீசை வைத்திருந்தவன் ஒருநாள் மழுங்க மழித்துக்கொண்டு வெளியே வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்பனோ ஆத்தாளோ போய்விட்டார்கள். என் அப்பா போய் இருபது வருஷம். ஆத்தாள் முத்தாத்தாள், தொண்ணூற்றொரு வயசு, கிணத்துக்கடவில் என் அண்ணன் அப்புசாமி வீட்டில் கல்லாட்டம் இருக்கிறாள். அப்பனுக்கு மூத்தவனும் ஆத்தாளுக்கு இளையவனும் கொள்ளி வைப்பதும், வைக்கிறவன் மட்டும் மீசை எடுப்பதும் எங்கள் வழக்கம். நான் இளையவன். ஆகையால் என் மீசை போனது என்றால் அது முத்தாத்தாளுக்காகப் போனதாகத்தான் ஊர் எடுத்துக்கொள்ளும். துக்கக்காரனுக்குச் சுபகாரியத்தில் மடி கொடுக்க உரிமை கிடையாது. கன்னத்தைச் சரிபண்ணப் போய் மடியையே சிரைத்துக்கொண்டு நின்றேன்.

கதவைத் திறந்தேன். எதிரில் புவனா, கையில் காப்பி.

"ஏனுங்க..." அவள் கண் அதற்குள் கலங்கிவிட்டது. "கிணத்துக்கடவுல இருந்து போனு வந்துச்சுங்களா?"

"இல்ல அம்மணி. கை தவறிப்போச்சு."

"கை தவறி டம்ளர் போவும். மீசை போவுமா?" கிட்டே வந்து என் மேலுதட்டை உற்றுப் பார்த்தாள். "கண்ணாலம் கட்டி நாப்பது வருசத்துல இந்த எடத்த நான் பாத்ததே இல்லீங்களே."

"நல்லா இருக்குதா?"

"முட்டைய ஒடச்சுக்கிட்டு இப்பத்தான் வெளிய வந்த குஞ்சாட்டம் இருக்குது."

ஹாரிகா கூடத்தில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டம்ளரைப் போட்டுவிட்டுச் சீனிவாசலுவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "இது ஆரு?"

"அப்பிச்சிடா கண்ணு. வந்து தொட்டுப் பாரு சாமி, ஒரு முள்ளு கூட இல்ல."

"நீ அப்பிச்சி இல்ல. அப்பிச்சிக்கு மீசை இருக்குது."

முள் இருந்தபோது நான் யாரென்று தெரிந்தது, கிட்டே வரவில்லை. முள் போனதும் நான் யாரென்றே தெரியவில்லை. சீனிவாசலு என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "சம்பந்தி... எப்பங்க?" என்றார்.

விவரத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கினார். அடக்கும்போதுகூட அந்தக் கன்னத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

மலையில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சளி பிடித்தவனாக நடந்து பார்த்தேன். பலிக்கவில்லை. யாரோ பார்த்துவிட்டார்கள். அடிவாரத்திலிருந்து மேலே போய்ச் சேர்வதற்குள் என் ஆத்தாள் மூன்று விதமாகச் செத்துப் போயிருந்தாள். பாத்ரூமில் வழுக்கி, மாரடைப்பில், தூக்கத்தில். அழகிரிசாமி என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்த் தோளில் கை வைத்தார்.

"மனசத் தேத்திக்குங்க. பெரிய உசுரு, வாழ்ந்து முடிச்ச உசுரு. ஆனா சேதிய மறச்சு வெச்சுப்போட்டு விசேசத்துல நிக்கறது சரியில்லீங்க. பச்சக் கொழந்தை பாருங்க."

"ஐயோ, எங்கம்மா நல்லா இருக்குதுங்க!"

"அப்பிடித்தானுங்க சொல்லத் தோணும். மொதல் நாளு நம்பவே முடியாது."

அப்போது ஒரு கார் வந்து நின்றது. முன்கதவு திறந்தது. முதலில் ஊன்றுகோல் வந்தது, அப்புறம் ஒரு கால், அப்புறம் முத்தாத்தாள். எனக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கையிலிருந்த பூத்தட்டைக் கீழே போட்டுவிட்டாள். "முருகா!" என்று இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்னாலேயே இறங்கிய அப்புசாமி அண்ணன் என்னைப் பார்த்துத் திகைத்து, தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆத்தாள் என் எதிரில் வந்து நின்று, கோலால் என் தாடையை நிமிர்த்தினாள்.

"ஆருடா அது, ராசப்பனா?"

"ஆமாங்காத்தா."

"எனக்குக் கொள்ளி வெக்கறவன் நீதான்னு ஊருக்கே தெரியுமடா. அதுக்கு இப்பவே ஒத்திகை பாக்கறயா?"

கூட்டம் கலகலத்தது. அழகிரிசாமிக்குச் சங்கடம். ஆனால் பெரிய மனுஷன் சொன்ன வார்த்தையை அவ்வளவு சுலபமாக மடித்து வைப்பாரா? "ஆத்தா தீர்க்காயுசா இருக்கறது நெம்பச் சந்தோசம்ங்க. ஆனாலும் இந்த மொகத்தோட மடி குடுத்தா, போட்டோவப் பாக்கறவனெல்லாம் ஒண்ணொண்ணு கேப்பானுங்க. கொழந்தைக்கும் அடையாளம் தெரியல. பேசாம சீனு மடியே இருக்கட்டும்ங்."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க, சம்பந்தி சொன்னாச் சரி" என்றார் சீனிவாசலு. சொல்லும்போதே உட்காருவதற்கு வசதியாக வேட்டியை ஒருபக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் சாயம் அடித்து வாரிய தலைமுடியைப் போட்டோவுக்காக ஒதுக்கிக்கொண்டார். அந்தக் கையைத்தான் பார்த்தேன். மூன்று வருஷ எரிச்சல் மொத்தமாகத் தொண்டைக்கு வந்தது.

"வேண்டுதலுங்க!" என்று கத்தினேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"என்ன வேண்டுதலு?" என்றார் அழகிரிசாமி.

"மொட்டைங்க. பேத்திக்கு முடி எறக்கறப்ப நானும் எறக்கறதா முருகனுக்கு வேண்டிக்கிட்டிருந்தனுங்க. மீசைய மட்டும் வீட்டுலயே அட்வான்ஸாக் குடுத்துப்போட்டேன்."

"எப்படா வேண்டுன?" என்றாள் ஆத்தாள். அவளை மட்டும் ஏமாற்ற முடியாது.

"காலைலீங்காத்தா. ஷவருக்கடியில."

வேண்டுதல் என்று வந்துவிட்டால் அழகிரிசாமி என்ன, யாருமே குறுக்கே பேச முடியாது. "அப்பச் சரிங்" என்று அவர் பின்வாங்கினார். புவனா என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, நெசமாவா? மீசைதான் போச்சு, தலையாச்சும் இருக்கட்டுமுங்க." எனக்குத் தலைமுடி இன்னும் தேங்காய் நார் மாதிரி அடர்த்தி. அதுவும் என் கர்வங்களில் ஒன்றுதான். இருந்தாலும் மடி பெரிசா, முடி பெரிசா?

முடி இறக்குகிற மண்டபத்தில் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். முடி இறக்குபவர் தண்ணீர் தெளித்துத் தேய்த்துக்கொண்டே என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "மீசைய ஆருங்க எடுத்தது? ரெண்டு எடத்துல உட்டுப்போட்டாங்க பாருங்க." முப்பத்தாறு வருஷம் தரச்சோதனை பார்த்தவனை ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம் கத்தி நெற்றியிலிருந்து பிடரிக்கு ஒரே இழுப்பில் போயிற்று. மொத்தம் ஐந்தே நிமிஷம், துளி எரிச்சல் இல்லை.

ஹாரிகா சீனிவாசலுவின் இடுப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்துக்குள் வந்ததிலிருந்து மற்றக் குழந்தைகளின் கத்தலைக் கேட்டு மிரண்டுபோய் இருந்தவள். என் முடி கொத்துக் கொத்தாக விழ விழ, வாயிலிருந்த விரலை எடுத்துவிட்டு எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். சந்தனம் பூசி முடித்ததும் இறங்கவேண்டும் என்று கால்களை உதைத்தாள். மெல்ல வந்தாள். ஒரு விரலை என் தலையில் வைத்தாள். அப்புறம் உள்ளங்கையை வைத்தாள். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால்.

சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியாது.

குனிந்து, கீழேயிருந்து என் கண்ணைப் பார்த்தாள். "அப்பிச்சியா?"

"ஆமா சாமி."

"முள்ளு எங்க?"

"முருகனுக்குக் குடுத்துப்போட்டேன்."

யாரும் தூக்கி வைக்கவில்லை. அவளாகவே ஏறி என் மடியில் உட்கார்ந்தாள். அவளுக்கு முடி இறக்கும்போது அழவில்லை. தலைக்கு மேலே கையைத் தூக்கி என் மொட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கழுத்து ஒடிந்தது. ஒடியட்டும் என்று குனிந்தே இருந்தேன். போட்டோக்காரன் நூறு படம் எடுத்திருப்பான். நான் ஓரக்கண்ணால் சீனிவாசலுவைப் பார்த்தேன். அவர் வாய் சிரித்தது. ஆனால் வாயின் ஓரத்தில், அந்த வெண்ணெய்க் கன்னத்தில், ஒரு மடிப்பு விழுந்திருந்தது. எனக்கு நன்றாகப் பழகிய மடிப்பு. மூன்று வருஷமாகத் தினமும் காலையில் ஜன்னல் கம்பிக் கண்ணாடியில் நான் பார்ப்பது. அவருக்கும் அது பொருந்துகிறது என்று தெரிந்துகொண்டதில் எனக்கு உண்டான ஆனந்தத்தை மருதமலையில் வைத்துச் சொல்வது பாவம்.

அந்த ஆனந்தம் பத்து நிமிஷம் இருந்தது. காது குத்துகிற ஆசாரி வந்தார். இரண்டு காதிலும் பொட்டு வைத்துவிட்டு என்னிடம், "தலைய ஆடாமக் கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றார்.

மடி கொடுப்பவன்தான் தலையையும் பிடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எத்தனை காதுகுத்தில் பார்த்திருக்கிறேன்! ஆசையில் மறந்துபோயிற்று. பிடித்தேன். முதல் காது. ஒரு விநாடி குழந்தைக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நம்பி உட்கார்ந்தவள் பார்க்கிற பார்வை. பிறகுதான் அலறல் வந்தது. இரண்டாம் காதுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன். என் கண்ணிலிருந்தும் வந்ததைச் சந்தனத்தின் எரிச்சல் என்று புவனாவிடம் பிற்பாடு சொல்லிவிட்டேன்.

"நீதான் புடிச்ச! நீதான் புடிச்ச!" என் மொட்டையில் இரண்டு அடி. தாவினாள். தாத்தா தோள்.

சீனிவாசலுவின் மடிப்பு மறைந்துபோயிற்று.

படியிறங்கினோம். சீனிவாசலு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே முன்னால் போனார். நான் பத்துப் படி பின்னால். சாக்லேட் கொடுத்துப் பார்த்தார், தட்டிவிட்டாள். பலூன் வாங்கிக் கொடுத்தார், விட்டுவிட்டாள். கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்த்தார். அதற்கும் விசும்பல் நிற்கவில்லை. கண்ணீர் ஒழுகுகிற முகத்தைத் தோளின்மேல் வைத்துக்கொண்டு அவள் பின்னால் வருகிற என்னையே முறைத்துக்கொண்டு வந்தாள். முறைப்பு மெல்ல மெல்ல மேலே ஏறியது. என் கண்ணை விட்டுவிட்டு, என் தலைக்குப் போயிற்று.

ஒரு கையை நீட்டினாள்.

நான் இரண்டிரண்டு படியாக இறங்கிப் போய், அவர் தோளுக்குக் கீழே தலையைக் கொடுத்தேன். உள்ளங்கை வந்து உட்கார்ந்தது. தடவினாள். விசும்பல் நின்றது. தலையை நகர்த்தினேன்; மறுபடி ஆரம்பித்தது. கொடுத்தேன், நின்றது. வேறு வழியில்லாமல், அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டும், நான் அவர் விலாவுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டும், ஒரே படியில் கால் வைத்து ஒட்டிக்கொண்டே இறங்கினோம். "படியப் பாத்து நடங்க ரெண்டு பேரும்" என்று பின்னாலிருந்து புவனா கத்தினாள். ஆத்தாள் சிரிக்கிற சத்தமும் கேட்டது.

பாதி வழியில் குழந்தை தூங்கிப்போனாள். கை மட்டும் என் தலையிலேயே கிடந்தது. சீனிவாசலு தன் கருப்புத் தலைமுடியை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். குழந்தை எழுந்துவிடாதபடி மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, மொட்டையெறக்க எத்தன நேரமாச்சுங்க?"

"ஒரு மணி நேரம்ங்க" என்றேன். "எரிச்சலும் நெம்ப நெம்ப."